முன்பணத்துக்கு முந்தைய நாள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீடு வாங்குகிறவர் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பதில்தான் நம் மக்கள் தவறிப் போகிறார்கள். அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் ஊர்களில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். தரகர் வீட்டைக் காட்டுகிறார். வீடு பிடித்துப் போகிறது. விலை பேசி முடிகிறது. "இன்னொரு பார்ட்டி கையில் பணத்தோடு நிற்கிறார், நாளைக்கு நல்ல நாள், ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள்" என்கிறார். மறுநாளே முன்பணம் கைமாறுகிறது. முத்திரைத்தாளில் நாலைந்து பக்கம் தட்டச்சு செய்து இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறார்கள். அதன் பிறகு வங்கிக்குக் கடன் கேட்டுப் போகிறார்கள். வங்கி 'லீகல்' கேட்கிறது. அப்போதுதான் ஒரு வழக்கறிஞர் அந்தக் காகிதங்களை முதன்முதலாகப் புரட்டுகிறார். குறை எதுவும் அவர் கண்ணில் பட்டாலும், அதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. முன்பணம் விற்பவரின் கையில் இருக்கிறது. கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரயப் பத்திரத்துக்குக் கொடுக்கிற மதிப்பை அதற்கு முன்னால் எழுதும் கிரய ஒப்பந்தத்துக்கு நாம் கொடுப்பதில்லை. 'சும்மா அக்ரிமெண்ட்தானே' என்கிறோம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. சொத்து மாற்றச் சட்டம் 1882-ன் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உருவாக்காது என்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, விலையில் பாதியைக் கொடுத்துவிட்டாலும் வீடு விற்பவருடையதுதான். ஆனால் அதே ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டிப் போடுகிறது. என்ன விலை, எத்தனை நாள், தவறினால் யார் எதை இழப்பது, குறை தெரியவந்தால் என்ன செய்வது என்பவை எல்லாம் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. கிரயப் பத்திரம் அந்த முடிவுகளை நிறைவேற்றுகிறது, அவ்வளவே. அந்த நாளில் மாற்றி எழுத அநேகமாக எதுவும் மிச்சமிருக்காது.

அந்த ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். பல ஆண்டுகளாக ஒரு மாதிரிப் படிவத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலாகி வருவது அது. சொத்தின் ஆவணங்களை எழுதி வாங்குபவர் பார்வையிட்டு, உரிமையில் திருப்தியடைந்து, இந்த ஒப்பந்தத்துக்கு வருகிறார் என்பது அதன் சாரம். படிப்பதற்கு மரியாதையான வாக்கியமாகத் தெரியும். கையெழுத்துப் போடுகிறவர் அப்போது பார்த்திருப்பது பட்டாவின் ஒரு ஜெராக்ஸ் பிரதியை மட்டும்தான்.

இது ஏன் என்னை உறுத்துகிறது என்றால், சட்டம் இந்த இடத்தில் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. சொத்திலோ உரிமையிலோ தனக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை இருந்தால் அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். தம்மிடம் உள்ள உரிமை ஆவணங்களைக் கேட்டால் காட்டவும் வேண்டும். 55-ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும்போதே, இதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில் என்ற நிபந்தனையோடு தொடங்குகிறது. சட்டம் கொடுத்த பாதுகாப்பை, படித்துப் பார்க்காத ஒரு வரியில் நாமே பலவீனப்படுத்திக்கொள்கிறோம். பின்னால் வழக்கு வந்தால் விற்பவரின் வழக்கறிஞர் முதலில் காட்டப்போவது அந்த வரியைத்தான். முன்கூட்டியே ஒரு வழக்கறிஞர் பார்த்திருந்தால் அதை அடித்துவிட்டு, ஆவணங்களை இன்ன தேதிக்குள் கொடுக்க வேண்டும், சட்டக் கருத்துரை திருப்தியாக இல்லையென்றால் முன்பணத்தை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார். மூன்று வரி வேலை அது.

இன்னொரு வாக்கியமும் உண்டு. கெடுவுக்குள் பாக்கித் தொகையைக் கொடுத்துக் கிரயம் முடித்துக்கொள்ளத் தவறினால் எழுதி வாங்குபவர் முன்பணத்தை இழந்துவிட வேண்டியது என்பது. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் 60 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டைப் பேசி, 6 லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்திருக்கிறது என்று கொள்வோம். மீதிக்கு வங்கிக் கடனை நம்பியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆவணங்களில் ஒரு விடுதலைப் பத்திரம் குறைகிறது, கடன் தர முடியாது என்று வங்கி சொல்லிவிடுகிறது. விற்பவரோ, 'கடன் கிடைக்காதது உங்கள் பாடு, எனக்குக் கெடுவுக்குள் பணம் வேண்டும்' என்கிறார். கடனைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்த 6 லட்சத்துக்காக அந்தக் குடும்பம் நீதிமன்றம் போக வேண்டும். குறை விற்பவரின் உரிமையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நம் சிவில் நீதிமன்றங்களில் அதற்கு எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது இந்த அவையில் உள்ள வழக்கறிஞர்களுக்குத் தெரியும். உரிமைக் குறையைக் காட்டி வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற ஒரு நிபந்தனை அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும். அதைக் கேட்பதற்கு ஏற்ற நேரம் முன்பணம் இன்னும் நம் கையில் இருக்கும் நேரம்தான்.

'வங்கி வக்கீல் பார்த்துவிட்டார், அப்புறம் எதற்கு இன்னொரு வக்கீல்' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து போதுமான ஈடா என்பது அவருடைய கேள்வி. உங்கள் ஒப்பந்தத்தில் கெடு எத்தனை நாள், முன்பணம் எப்படித் திரும்பும், மாடியில் இருக்கும் குடித்தனக்காரர் எப்போது காலி செய்வார் என்பவை அவர் பார்க்க வேண்டிய விஷயங்களே அல்ல. அவர் தரும் கருத்துரையின் பிரதிகூடப் பல சமயம் வாங்குபவர் கைக்கு வருவதில்லை. பத்திர எழுத்தர் இருக்கிறாரே என்பார்கள். அவர்களில் எழுத்துச் சுத்தமும் அனுபவமும் உள்ள பலர் உண்டு, நான் மதிக்கிறேன். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை ஆவணமாக்குவது அவர் வேலை. எதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று ஒரு தரப்புக்கு மட்டும் சொல்வது அவர் வேலையல்ல. தரகர் அழைத்து வரும் வழக்கறிஞர், இரு தரப்புக்கும் பொதுவான வழக்கறிஞர் என்ற ஏற்பாட்டையும் நான் ஏற்கமாட்டேன். விற்பவரின் நலமும் வாங்குபவரின் நலமும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியிலும் எதிரெதிரே நிற்கின்றன. ஒருவரால் இரண்டு பேருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது.

பதிவு அலுவலகம் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தானே பதிகிறது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை ஆராய்ந்து தீர்ப்பது பதிவு அலுவலரின் பணி அல்ல. உரிமையே இல்லாத ஒருவர் எழுதிக் கொடுத்த பத்திரம் முறைப்படி பதிவானாலும், வாங்கியவருக்கு அதில் எதுவும் வந்து சேராது.

இனி, முன்பணத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர் என்னதான் பார்க்கிறார் என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது. அதிகமாகச் சிக்கல் வரும் இரண்டு இடங்களில் மட்டும் நின்று பேசுகிறேன்.

முதலாவது, விற்பவர் யார், அவர் ஒருவர்தானா என்பது. ஓர் இந்துக் குடும்பத் தலைவர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோனார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு. இறந்தவருடைய தாய் அப்போது உயிரோடிருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. பங்கு ஐந்தாகிவிடும். அந்தப் பாட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு மகன்களும் அவர்களுடைய தாயும் கையெழுத்துப் போடுகிறார்கள். 'தங்கச்சி கோயம்புத்தூரில் இருக்கிறாள், சீர் செனத்தி எல்லாம் செய்து கொடுத்தாயிற்று, பத்திரம் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போடுவாள்' என்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பெண் வரவில்லையென்றால்? கையெழுத்துப் போடாத ஒருவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. அவர் வராததில் தவறும் இல்லை. அது அவருடைய சொத்து, சீர் செய்ததால் அது போய்விடாது.

பூர்வீகச் சொத்தென்றால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாடு 1989-லேயே மகள்களைக் கூட்டுக் குடும்பப் பங்காளிகளாக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த வேறுபாடும் போயிற்று. மகள் பிறப்பாலேயே பங்காளி, 2005-ல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதைத் தொட முடியாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதா, எந்தத் தேதியில் என்று வழக்கறிஞர் கேட்பார். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை இயற்கைக் காப்பாளர் விற்க முடியாது. மீறி விற்றால், மைனர் வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்க்கலாம். கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கே வேறு. பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பொதுவாக அவர் இறந்த கணமே அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. பவர் பத்திரத்தையே விற்பனையாகக் கருத முடியாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. நம் ஊரில் இன்னும் சிலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று. ஈ.சி. சுத்தமாக இருக்கிறது என்றால் சொத்து சுத்தம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பதிவான ஆவணங்களின் பட்டியல் அது. பதிவாகாத எதையும் அது சொல்லாது. பதிவு செய்யாத உயில் அதில் இல்லை. நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் அதில் தெரியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பத்திரங்களை ஒப்படைத்து வாய்மொழியாக வாங்கிய கடனும் ஈ.சி.யில் வராது. அதனால்தான் வழக்கறிஞர் அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். 'தொலைந்துவிட்டது' என்ற பதில் வந்தால், காவல்துறையில் கொடுத்த புகார், நாளிதழ் அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதையும் ஈ.சி. சொல்லாது. கீழ்வீட்டில் ஒரு குடும்பம் சில லட்சங்கள் கொடுத்துப் போக்கியத்துக்கு இருக்கலாம். வெறும் தாளில் எழுதிய போக்கியமாக இருக்கும். ஒரு சொத்தில் நேரடியாக அனுபவத்தில் இருப்பவருக்கு என்ன உரிமையோ, அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். போய்க் கேட்காதது வாங்குபவரின் குறை. ஆகவே கதவைத் தட்டிக் கேளுங்கள். காலி செய்து கொடுப்பது யார் பொறுப்பு, போக்கியப் பணத்தை யார் திருப்பித் தருவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பட்டாவைப் பற்றியும் ஒரு சொல். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமையைத் தீர்மானிக்கும் ஆவணமாக நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. அதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,250 சதுர அடி என்று வந்தால், எதற்கு விலை கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். மனையாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்த பிறகே பலருக்கு வழி பிறந்தது. கோயில் நிலம், வக்பு நிலம், பஞ்சமி நிலம், புறம்போக்கு என்பவற்றை இப்போது பெயர் சொல்லி மட்டும் கடந்துபோகிறேன். ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவுக்குரியது.

அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பெரிய துணை. எழுத்து மூலமான ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மிகாமலோ கட்டும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. சென்னைத் தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்துக் கட்டும் நான்கு வீட்டுக் கட்டடங்கள் பல இந்த விலக்குக்குள் வருகின்றன. அங்கே வாங்குபவருக்கு முதல் கவசம் அவர் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தம் அச்சிட்ட புத்தகமாக வரும். மாற்ற முடியாது என்பார்கள். குர்கிராமில் ஒரு குடியிருப்புத் திட்டம் தொடர்பான வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி, கட்டுநர் வீட்டைத் தராமல் தவறினால் 9 சதவீத வட்டி என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. இப்படி ஒருதலையான நிபந்தனைகளுக்கு வாங்குபவரைக் கட்டுப்படுத்த முடியாது, இது நியாயமற்ற வணிக முறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதைப் பெற ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது. வரைவு ஒப்பந்தத்தை ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வாங்கி வழக்கறிஞரிடம் காட்டினால், எது பேசி மாற்றக் கூடியது, எதை மாற்றாவிட்டால் அந்த வீட்டையே விட்டுவிடலாம் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள் என்றும் வலியுறுத்த விரும்புகிறேன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் இது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும், கிரயம் முடித்துத் தரக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் விற்பவர் அதே வீட்டை, உங்கள் ஒப்பந்தம் பற்றி அறியாத இன்னொருவருக்கு முழு விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவரிடமிருந்து வீட்டைக் கேட்க முடியாது. பதிவாகியிருந்தால் ஈ.சி.யில் வரும், அவர் அறியவில்லை என்று சொல்லவும் முடியாது. முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்த தொகையை நிரூபிப்பது எப்போதும் பாடு. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கில் சொன்னால், அதை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 'சட்டப் பணி' என்பதற்குள் வழக்கு நடத்துவதோடு ஆலோசனை வழங்குவதையும் சேர்த்திருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் தங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச உதவிக்குத் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வீட்டை மனைவி பெயரில் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தப் பெண்ணே ஒப்பந்த வரைவோடு அங்கே போய்க் கேட்கலாம். சட்டக் கல்லூரிகள் தங்கள் இலவச உதவி மையத்தில் வாரம் ஒரு நாளை ஒப்பந்தம் படித்துச் சொல்வதற்கென்று ஒதுக்க வேண்டும் என்பது இந்த மேடையில் நான் வைக்கும் வேண்டுகோள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். காலம் இன்னும் இருக்கிறது. குறை தெரிந்தால் வாய்மொழியாகப் பேசிக்கொண்டிருக்காமல் எழுத்தில் கேளுங்கள். இரு தரப்பும் இசைந்தால் துணை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து நிபந்தனைகளைச் சேர்க்கலாம், கெடுவை நீட்டிக்கலாம். பாக்கித் தொகை உங்களிடம் தயாராக இருந்தது என்பதற்கான வங்கிக் கணக்கையும் கடன் ஒப்புதல் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். கிரயம் கேட்டு வழக்குப் போட்டால், தொடக்கம் முதல் நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்களா என்பதை நீதிமன்றம் பார்க்கும். அந்த வழக்கிலேயே முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் பரிகாரத்தையும் மாற்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காத பணத்தை நீதிமன்றம் தராது. காலவரையறைச் சட்டம் கொடுக்கும் அவகாசம், ஒப்பந்தத்தில் எழுதிய கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள். கெடுவே எழுதாத ஒப்பந்தமானால், விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளை எடுத்து, அதில் எந்தத் தேதி இருக்கிறது என்று பாருங்கள்.